கடலுக்கு முதுகு, காட்டுக்கு முகம்: திருகோணமலைக் கோட்டை ஏன் கைமாறிக்கொண்டே இருந்தது?

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலைக் கடந்துதான் மேலே ஏற வேண்டும். ஆனால் அந்த வாசலில் நின்று இருபுறமும் நீளும் மதிலைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒருமுறை கோட்டைக்கு முன்னே விரியும் முற்றவெளித் திடலின் பக்கம் நின்று பாருங்கள். கோட்டையின் மிகத் தடித்த, மிக உயர்ந்த மதில் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது? கடலையா? இல்லை, ஊரைப் பார்த்து நிற்கிறது. கடல் பக்கம் போகப் போக மதில் மெலிந்து தாழ்கிறது. சுவாமி மலையின் விளிம்பில் மதிலுக்கே தேவையில்லை. முன்னூறு அடிக்கு மேல் செங்குத்தாக விழும் பாறைதான் அங்கே காவல்.

கடலில் வந்தவர்கள் கட்டிய கோட்டை கடலுக்கு முதுகைக் காட்டி நிலத்தைப் பார்த்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கட்டும்போது இது ஒரு துறைமுகக் கோட்டையாக எண்ணப்படவில்லை. கண்டி அரசுக்கும் கடலுக்கும் நடுவே போட்ட எல்லைப் பூட்டாகவே எழுந்தது. பிற்காலத்தில் துறைமுகத்தைக் காக்கும் வேலையும் இதன் தலையில் விழுந்தபோது, இடமும் அமைப்பும் அந்த வேலைக்குப் பொருந்தவில்லை. கோட்டையின் நானூறு ஆண்டு வரலாற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு பொருத்தமின்மையிலிருந்து விளங்கிவிடும்.

நிலமும் காற்றும்

முதலில் நிலத்தை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். திருகோணமலை நகரம் ஒரு குடாநாட்டின் கழுத்தில் இருக்கிறது. மேற்கே உட்துறைமுகம். கிழக்கே திறந்த கடல். கிழக்குக் கரையிலிருந்து ஒரு பாறைத் தலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் சுவாமி மலை என்றும் சொல்லப்படும் கோணமலை, கோட்டை இருக்கும் இடம். அதற்கு வடக்கே உள்ள குடாவை ஆங்கிலேய வரைபடங்கள் ‘பேக் பே’ என்கின்றன. தெற்கே உள்ளது டச்சுக் குடா. டச்சுக் குடாவைத் தாண்டித் தெற்கே போனால் இன்னொரு மலைத்தொடர் நீண்டு, உட்துறைமுகத்தின் வாயை ஒட்டி முடிகிறது. ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், ஒஸ்டென்பேர்க் கோட்டை அங்கே இருந்தது. கோணமலைக்கும் ஒஸ்டென்பேர்க்குக்கும் இடையில் நேர்க்கோட்டில் சுமார் மூன்று கிலோமீற்றர். அந்தக் காலப் பீரங்கி ஒன்று அவ்வளவு தூரம் குறிவைத்துச் சுடாது. ஆகவே கோணமலையை வைத்திருப்பவர் உட்துறைமுகத்தை வைத்திருப்பவர் ஆகமாட்டார். இரண்டையும் வைத்திருந்தால்தான் திருகோணமலை கையில் இருக்கிறது என்று சொல்லலாம்.

அடுத்தது காற்று. நம்மூர் மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெற்கிலும் மேற்கிலுமிருந்து சோளகமும் கச்சானும் வீசும் காலத்தில் தரை தடுப்பதால் கிழக்குக் கரையில் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கலாம். வாடை தொடங்கிவிட்டால் கதை வேறு. ஐப்பசி முதல் மார்கழி, தை வரை வடகிழக்குக் காற்று நேரே கரையை நோக்கி அலையைத் தள்ளும். திறந்த குடாவில் நிற்கும் பாய்க்கப்பல் நங்கூரம் இழுபட்டுக் கரையில் மோதும். சோழமண்டலக் கரை முழுவதும் இதே நிலைதான். மதராஸ், புதுச்சேரி, நாகப்பட்டினம் எதிலும் பெரிய கப்பலுக்கு மறைவான துறை இருக்கவில்லை. அக்டோபர் நடுவில் அங்கிருந்து கிளம்பாத கப்பற்படை புயலில் சிக்கும். வங்காள விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில் எந்தக் காற்றுக்கும் அசையாமல் நிற்கக்கூடிய ஆழமான துறை திருகோணமலையின் உட்துறைமுகம் ஒன்றுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் இதற்காகப் பட்ட பாடு எல்லாம் இந்தக் காற்றுக் கணக்கினால் வந்தது.

ஆனால் கோட்டை பிறந்த காலத்தில் கணக்கு வேறாக இருந்தது.

மதில் இல்லாத எல்லை

கோட்டைக்கு முன்பே கோணமலை ஓர் எல்லைக் கல்லாக இருந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் பதிகத்தில் இதைக் கோணமாமலை என்று பாடினார். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் பொலன்னறுவையைப் பிடித்த பிறகு, அவர்களின் கல்வெட்டுகள் கந்தளாய், மாங்கனாய், நிலாவெளிப் பக்கமெல்லாம் கிடைக்கின்றன. நிலாவெளிக் கல்வெட்டு கோணமலைக் கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைப் பேசுகிறது. சோழர் இங்கே மதில் கட்டியதற்குச் சான்று இல்லை. கோயிலும், அதற்கு விடப்பட்ட வயலும், வயலுக்கு நீர் தரும் குளமும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஊரவையும் சேர்ந்து அவர்களின் ஆட்சியைத் தாங்கின.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் ஈழத்தில் படை நடத்தி, கோணமலையில் தன் இரட்டைக் கயல் சின்னத்தைப் பொறித்ததாகப் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது. இன்று கோட்டை வாசலில் தெரியும் இணைக்கயல்களை அதனோடு சேர்த்தே அறிஞர்கள் படித்து வந்திருக்கிறார்கள். வென்ற நாட்டின் விளிம்பில் சின்னம் பொறிப்பது மன்னர் வழக்கம். வீரபாண்டியனும் தன் வெற்றியின் தூரத்தைக் காட்ட இந்த மலையைத்தான் தேர்ந்தான்.

பாண்டியருக்குப் பின் இந்தக் கரை யாழ்ப்பாண அரசுக்கும் உள்நாட்டு அரசுகளுக்கும் நடுவில் விழுந்தது. திருகோணமலைப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று என்று நான்கு பற்றுகள். அவற்றை ஆண்ட வன்னியர்கள் யார் கை ஓங்குகிறதோ அவருக்குத் திறை கொடுத்து, மற்ற நாளில் தம் போக்கில் இருந்தார்கள். எல்லை என்பது அப்போது ஒரு கோடாக இருக்கவில்லை. இரு பக்கமும் பேசிப் பிழைக்கும் அகலமான ஒரு நிலப்பரப்பாக இருந்தது. அந்தப் பரப்பை ஒரு கோடாக்கும் வேலையைக் கோட்டை செய்தது.

1624: கோயில் கல்லில் ஒரு பூட்டு

1619-இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்தது. மேற்குக் கரை ஏற்கெனவே அவர்கள் கையில். கண்டி அரசன் செனரத்துக்கு மிஞ்சியது கிழக்குக் கரையின் துறைகள்தான்: கொட்டியாரம், திருகோணமலை, மட்டக்களப்பு. அந்தத் துறைகள் வழியாகப் போர்த்துக்கேயரின் எதிரிகளை உள்ளே அழைப்பது அவனது திட்டம். 1612-இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் நடந்தது. 1620-இல் ஓவ் கியெட் தலைமையில் டென்மார்க் நாட்டுக் கப்பல்களும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தன.

கண்டிக்குக் கடல்வாசல் இருக்கும்வரை தமக்கு நிம்மதி இல்லை என்பதைப் போர்த்துக்கேயர் இதில் கண்டுகொண்டார்கள். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா டி நொரோஞ்ஞா திருகோணமலையில் 1624-இலும், மட்டக்களப்பில் அதற்குச் சில ஆண்டுகள் பின்னரும் கோட்டை எழுப்பினார். இரண்டும் ஒரே திட்டத்தின் இரண்டு பூட்டுகள்.

கல்லுக்கு அவர்கள் தூரம் போகவில்லை. போர்த்துக்கேயப் பாதிரியார் கெய்ரோஸ் எழுதியபடி மலையில் மூன்று கோயில்கள் இருந்தன: அடிவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் கடலைப் பார்த்தபடி முதன்மையானது. மூன்றும் இடிக்கப்பட்டன. இதில் மதவெறி இருந்தது என்பதில் ஐயமில்லை. அதோடு ஒரு கட்டடக் கணக்கும் இருந்தது. கோணமலைப் பாறை கடினமானது. அதைப் பிளந்து, சதுரமாக்கி, முகம் தீட்டி ஒரு கல்லை மதிலில் வைக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு தச்சனுக்குப் பல நாள் பிடிக்கும். கோயிலின் கற்களோ தலைமுறைகளாக வெட்டித் தீட்டி, ஒன்றோடொன்று பொருந்த அடுக்கி வைக்கப்பட்டவை. மேலிருந்து உருட்டிவிட்டால் அடிவாரத்தில் வந்து சேரும். பருவம் மாறுவதற்குள் மதில் எழுப்ப வேண்டிய தளபதிக்கு அதைவிட வேகமான வழி வேறில்லை. தமிழ் மக்கள் இதை ஒரு வெண்பாவில் பதித்து வைத்தார்கள். ‘முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று, கோயிலை எழுப்பிய மன்னன் குளக்கோட்டனையும் அதைப் பிரித்த பறங்கியரான போர்த்துக்கேயரையும் சொல்லித் தொடங்கும் அந்தப் பாட்டின் சிதைந்த எழுத்துகள் கோட்டை வாசல் கல்லிலேயே இருக்கின்றன. இடித்த கையால் கட்டிய மதிலிலேயே அந்தக் குற்றச்சாட்டும் நின்றுகொண்டிருப்பது மனதை உலுக்கும் காட்சி.

போர்த்துக்கேயர் கட்டியது சிறிய கோட்டை. முக்கோண வடிவம், மூலைக்கு ஒரு கொத்தளம், சில இரும்புப் பீரங்கிகள், ஐம்பது பேர் அளவிலான காவற்படை, ஒரு தேவாலயம், ஒரு வெடிமருந்துக் கிடங்கு. மலையும் நிலமும் சேரும் குறுகிய கழுத்தை அடைத்தால் போதும் என்பதே அதன் எண்ணம். கண்டிப் படையிடம் பெரிய முற்றுகைப் பீரங்கிகள் இல்லை. வில், ஈட்டி, துவக்கு, இலேசான சுழல் துப்பாக்கிகள் என்பவற்றோடு காட்டுவழி வரும் படையை நிறுத்த அந்தக் கோட்டை போதுமானதுதான். இதை மறந்துவிட்டுப் பின்வந்த தோல்விகளைப் பார்த்து, கட்டியவர்கள் முட்டாள்கள் என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. எந்த எதிரியை எண்ணிக் கட்டினார்களோ அந்த எதிரிக்கு அது சரியான அளவு.

தவறு வேறிடத்தில் நடந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் கடற்படை வைத்திருந்த ஒரு கூட்டாளியைத் தேடிக்கொண்டான். 1638-இல் மட்டக்களப்பும், 1639 மே மாதம் அந்தோனி கான் தலைமையில் வந்த ஒல்லாந்தரிடம் திருகோணமலையும் விழுந்தன. ஒப்பந்தப்படி கோட்டை அரசனிடம் ஒப்படைக்கப்பட்டு இடிக்கப்பட்டது. இராஜசிங்கனுக்குத் தேவை கோட்டை அல்ல, கோட்டை இல்லாத கரை. பூட்டை உடைத்து எறிவதுதான் அவனுக்கு வெற்றி.

ஒல்லாந்தர் திரும்பி வருகிறார்கள்

அடுத்த இருபத்தைந்து ஆண்டு கரை ஓரளவு திறந்திருந்தது. அந்த இடைவெளியில்தான், 1660-இல், புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று பழுதுபார்க்கக் கொட்டியாரத்துக்கு வந்தது. மூதூர்ப் பக்கம் கரையேறிய ரொபர்ட் நொக்ஸும் தோழர்களும் கண்டிப் படையிடம் பிடிபட்டார்கள். நொக்ஸ் தப்பிப் போக ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது. ஒல்லாந்தருக்கு அந்தக் கப்பல் வந்ததே கவலை. ஆங்கிலேயர் கண்டியோடு பேசத் தொடங்கினால் தங்கள் கறுவா வியாபாரத்துக்கு ஆபத்து. 1665-இல் அவர்கள் திருகோணமலையை மீண்டும் பிடித்துக் கோட்டையைப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள்.

அது வீண் பயமில்லை என்பது 1672-இல் தெரிந்தது. பிரெஞ்சுத் தளபதி டி லா ஹே ஒரு பெரிய கப்பற்படையோடு கொட்டியாரக் குடாவுக்குள் வந்தார். இராஜசிங்கன் மகிழ்ந்து உரிமை எழுதிக் கொடுத்தான். ஆனால் ஆயிரக்கணக்கான வாய்களுக்குச் சோறு வேண்டும். ஒல்லாந்தர் கடல்வழியை அடைத்தார்கள். கண்டியிலிருந்து காட்டுவழி வரும் அரிசி போதவில்லை, காய்ச்சல் படையைத் தின்றது. சில மாதத்தில் பிரெஞ்சுக்காரர் ஒரு சிறு காவலை விட்டுவிட்டுச் சோழமண்டலக் கரைக்குக் கிளம்பினார்கள். விட்டுப்போன காவலை ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இங்கே ஒரு சண்டை தோற்றது என்று சொல்வதைவிட ஒரு சமையற்கட்டு தோற்றது என்று சொல்வது சரியாக இருக்கும். இந்தத் துறையின் தீராத நோயை முதலில் அனுபவித்தவர் டி லா ஹே.

இதற்குப் பிறகு ஒல்லாந்தர் இரண்டு கோட்டை முறைக்குப் போனார்கள். கோணமலையில் பெரியது, உட்துறைமுக வாயில் ஒஸ்டென்பேர்க். கோணமலைக் கோட்டையின் நிலமுகத்தைக் கொத்தள முறையில் அமைத்தார்கள். அதன் கணக்கு இது. நேரான மதிலின் அடியில் எதிரி ஒட்டிக்கொண்டால் மேலிருப்பவரின் குண்டு அவனைத் தொடாது. ஆகவே மதிலின் இரு முனையிலும் கூர்மையான கொத்தளம் ஒன்றை வெளியே தள்ளிக் கட்டுவார்கள். ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டுப் பீரங்கி நடு மதிலின் முகத்தையும் எதிர்க் கொத்தளத்தின் முகத்தையும் வாரிச் சுடும். வாசல் இரண்டுக்கும் நடுவே இருப்பதால் அதை நோக்கி ஓடி வருபவன் இருபுறச் சூட்டிலும் மாட்டுவான். கொத்தளங்களுக்கு இடையிலான தூரம் துவக்குக் குண்டு எட்டும் தூரத்தைத் தாண்டக்கூடாது. மதிலுக்கு முன்னால் கட்டடமோ மரமோ இல்லாத வெளி வேண்டும். இன்று முற்றவெளியில் பந்து விளையாடுகிறோம். ஊருக்கும் கோட்டைக்கும் நடுவே அவ்வளவு நிலம் கட்டடமின்றிக் கிடந்ததற்குப் பீரங்கியின் பார்வை மறைக்கப்படக்கூடாது என்ற விதியே மூலகாரணம்.

1762 முதல் 1766 வரை நடந்த ஒல்லாந்த-கண்டிப் போருக்குப் பின் கண்டி அரசு கரையோரம் முழுவதையும் ஒப்பந்தத்தில் இழந்தது. எல்லைப் பூட்டு தன் வேலையைச் செய்து முடித்தது. அதே நேரத்தில் பொருளும் இழந்தது. இனி வரப்போகும் எதிரி காட்டிலிருந்து வரமாட்டான். முற்றுகைப் பீரங்கியோடு கடலில் வருவான், ஆனால் கடல் பக்கம் ஏறாமல் ஊருக்கு வடக்கே மணலில் இறங்கி, நிலம் வழியாகவே நடந்து வருவான்.

1782: ஒரே ஆண்டில் இருமுறை

அமெரிக்க விடுதலைப் போரில் ஒல்லாந்து பிரித்தானியாவுக்கு எதிராகச் சேர்ந்தது. அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் நாகப்பட்டினத்தைப் பிடித்த படையோடு 1782 ஜனவரி தொடக்கத்தில் பேக் பேயில் நங்கூரமிட்டார். தரையிறங்கிய படை அன்றிரவே கோட்டையை எடுத்துவிட்டது. ஒல்லாந்தத் தளபதி சரணடையும் நிபந்தனைகளை எழுதிக்கொண்டிருந்த வேளையில் கடற்படை வீரர்களின் ஒரு பிரிவு வாசலுக்குள் புகுந்தது. கொத்தளமும் மதிலும் எவ்வளவு கணக்காக இருந்தாலும், அவற்றில் நிற்க ஆள் போதாவிட்டால் வாசல்தான் முதலில் போகும். கோணமலையைச் சுற்றிய வளைவு பெரியது. சில பத்துப் பேரை அதில் பரப்பினால் எங்கும் யாரும் இல்லாத நிலைதான்.

கோட்டை கையில் இருந்தும் ஹியூஸுக்கு உட்துறைமுகம் கிடைக்கவில்லை. அதற்கு ஒஸ்டென்பேர்க்கை எடுக்க வேண்டியிருந்தது. ஜனவரி 11 விடியற்காலை அதை ஏறிப் பிடித்தபோது இரு பக்கமும் இரத்தம் சிந்தியது. இரண்டில் எது உண்மையான திறவுகோல் என்பது அன்று தெளிவானது.

ஏழு மாதம் கழித்துப் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரேன் வந்தார். ஆகஸ்ட் 25 அன்று பேக் பே. 26 அன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படை கரையில். 29 அன்று பீரங்கி மேடைகள் சுடத் தொடங்கின. 30 அன்று கோட்டை, 31 அன்று ஒஸ்டென்பேர்க். ஹியூஸ் செப்டம்பர் 2 அன்று வந்து பார்த்தபோது இரண்டிலும் பிரெஞ்சுக் கொடி. மறுநாள் கடலில் நடந்த கடும் சண்டை முடிவில்லாமல் போனது. ஆனால் துறை போய்விட்டது. வாடை நெருங்கும் நேரத்தில் ஹியூஸின் படை மதராஸில் தங்க முடியாமல் பம்பாய்க்குச் சுற்றிப் போக நேர்ந்தது. இரண்டு நாள் தாமதத்தின் விலை அது.

இதில் நான் மிக முக்கியம் என்று கருதுவது அடுத்து நடந்தது. துறையை வென்ற சஃப்ரேனே அந்த மாரியைத் திருகோணமலையில் கழிக்கவில்லை. சுமாத்திராவின் அச்சே துறைக்குத் தன் கப்பல்களைக் கொண்டுபோனார். காற்றிலிருந்து மறைவு தரும் துறை கையில் இருந்தது, ஆனால் ஒரு முழுக் கப்பற்படைக்கு வேண்டிய உணவு அதைச் சுற்றி இல்லை. டி லா ஹே கற்ற பாடம் நூற்றுப்பத்து ஆண்டுக்குப் பின் மறுபடி. தம்பலகாமத்து வயல் ஒரு பட்டினத்தைக் காக்கும். ஆயிரக்கணக்கான மாலுமிகளை அது தாங்காது.

மதில் எப்படி உடைகிறது

1783 சமாதானத்தில் கோட்டை ஒல்லாந்தருக்குத் திரும்பியது. 1795-இல் நாட்டைவிட்டு ஓடி இங்கிலாந்தில் தங்கியிருந்த ஒல்லாந்தத் தலைவர் ஒரேஞ்ச் இளவரசர், தம் குடியேற்றங்களைப் பிரித்தானியப் பாதுகாப்பில் விடும்படி கடிதம் எழுதினார். திருகோணமலைக் காவற்படை அதை ஏற்கவில்லை. கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை ஆகஸ்ட் தொடக்கத்தில் கோட்டைக்கு வடக்கே கரையிறங்கியது. அதற்கு முந்திய நாள் டயமீட் என்ற போர்க்கப்பல் வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதி மூழ்கியிருந்தது.

கரையிறங்கிய படை உடனே சுட்டுவிடவில்லை. மதில் உடைக்கும் பெரும் பீரங்கி 24 இறாத்தல் குண்டு எறிவது. குழாய் மட்டுமே இரண்டரைத் தொன் அளவில் இருக்கும். அதைக் கப்பலிலிருந்து தெப்பத்துக்கும், தெப்பத்திலிருந்து அலை உடையும் கரைக்கும் இறக்க வேண்டும். உலர் மணலில் சக்கரம் அச்சுவரை புதையும். பலகை போட்டு, கயிறு கட்டி ஆட்கள் இழுப்பார்கள். பத்து முழம் நகர்ந்ததும் பின்பலகையைத் தூக்கி முன்னே போடுவார்கள். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மணல் எப்படிக் காலைப் பிடிக்கும் என்று தெரியும். அலையும் காற்றும் சேர, பொருட்களை இறக்கவே சுமார் பத்து நாள் போயிற்று.

பிறகு மேடை. மதிலிலிருந்து சில நூறு மீற்றரில், இரவில், மண்கூடைகளையும் மணல்மூட்டைகளையும் அடுக்கி முன்சுவர் எழுப்புவார்கள். அதன் தடிப்பு பல மீற்றர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோட்டைக் குண்டு துளைத்து வரும். இந்த வேலைக்கு மணல் நல்லது. கல்மேல் விழும் குண்டு சில்லுகளைத் தெறிக்க வைத்து ஆட்களைக் கொல்லும், மணலில் விழும் குண்டு புதைந்துபோகும். தாக்குபவன் மணலுக்குப் பின்னால், காப்பவன் கல்லுக்குப் பின்னால் என்ற ஏற்பாட்டில் காப்பவனுக்கே நட்டம்.

சூடு தொடங்கினால் மதிலின் தலையில் அடிக்கமாட்டார்கள். அடியிலிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில் கிடையாக ஒரு கோடு வெட்டுவது போல் குண்டுக்கு அடுத்துக் குண்டு விடுவார்கள். பின் அதன் இரு முனையிலும் மேல்நோக்கி இரண்டு கோடு. மூன்று பக்கமும் அறுபட்ட சுவர் தன் பாரத்தில் முன்னே சரியும். சரிந்த கல்லும் மண்ணும் ஆயுதத்தோடு ஒருவன் ஏறக்கூடிய சரிவாக அமைந்துவிட்டால் அதை ஏறத்தக்க உடைப்பு என்பார்கள். அதற்குப் பிறகும் சரணடையாத காவற்படைக்கு அந்தக் காலப் போர் வழக்கு கருணை காட்டாது. ஆகவே உடைப்பு விழுந்ததும் வெள்ளைக்கொடி ஏறுவது கோழைத்தனமாகக் கருதப்படவில்லை.

ஆகஸ்ட் 23 அன்று சூடு தொடங்கியது. 26 அன்று உடைப்பு தயார், கோட்டை சரண். ஒஸ்டென்பேர்க் அந்த மாத முடிவில். 1782-இலும் 1795-இலும் பீரங்கி மேடை சுடத் தொடங்கியபின் கோணமலைக் கோட்டை நான்கு நாளைத் தாண்டி நிற்கவில்லை.

ஏன் இவ்வளவு விரைவு? கொத்தள முறையின் உயிர், மதிலை எதிரியின் கண்ணிலிருந்து மறைப்பதில் இருக்கிறது. ஆழமான அகழி வெட்டி, அதற்கு வெளியே மண்ணைச் சாய்வாகக் கொட்டினால், தூரத்தில் நிற்கும் பீரங்கிக்கு மதிலின் மேல்விளிம்பு மட்டுமே தெரியும், அடி தெரியாது. கடற்கரைக் கழுத்தில் இது கடினம். மணலில் ஆழத் தோண்டினால் கரை சரியும், கொஞ்சம் இறங்கினால் உப்புநீர் ஊறும். மறைவில்லாத உயர்ந்த மதில் பார்வைக்குக் கம்பீரம், பீரங்கிக்கோ நல்ல இலக்கு. இரண்டாவது, முன்னே தள்ளிய காவல் அரண்கள் பல அடுக்காக இருந்தால்தான் எதிரியை வாரக்கணக்கில் தாமதிக்க வைக்கலாம். அவற்றில் நிறுத்த ஆள் வேண்டும். கொழும்பைப் பெரிதாக நினைத்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி திருகோணமலைக்கு அவ்வளவு ஆளை ஒருபோதும் தரவில்லை. மூன்றாவது, கச்சான் காலம். தாக்குதலுக்கு ஏற்ற ஆகஸ்ட் மாதம்தான் இங்கே வெயில் எரித்துக் கிணறுகள் வற்றும் காலமும். நான்காவது எல்லாவற்றிலும் பெரியது: இந்தக் கோட்டைக்கு மீட்பு வரும் வழி கடல் ஒன்றுதான். கடலில் தன் கப்பல் இல்லாத காவற்படை, மதில் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், நாளை எண்ணிக்கொண்டிருக்கும் படைதான்.

பெயரும் கதைகளும்

1802 அமியன்ஸ் உடன்படிக்கை இலங்கையின் கரையோரத்தைப் பிரித்தானியருக்கு உறுதியாக்கியது. 1803-இல் அரசர் மூன்றாம் ஜோர்ஜின் மகன் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயர் கோட்டைக்கு வைக்கப்பட்டது. பெயர் மாறிய காலத்திலிருந்து எந்தப் படையும் அதை முற்றுகையிட வரவில்லை. கடலைப் பிரித்தானியர் முழுவதும் பிடித்திருந்ததே காரணம்.

உள்ளே இருக்கும் பழைய வீடொன்று வெல்லிங்டனின் பெயரால் அழைக்கப்படுகிறது. பின்னாளில் வோட்டர்லூவில் வென்ற அவர் நோயுற்றுத் திருகோணமலையில் தங்கியதால் மூழ்கிய கப்பலிலிருந்து தப்பினார் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அவர் 1800 இறுதியில் இங்கே படை திரட்ட வந்தது உண்மை. ஆனால் காய்ச்சலில் விழுந்து கப்பலைத் தவறவிட்டது பம்பாயில். ஊருக்குப் பெருமை சேர்க்க இந்தக் கதை வேண்டியதில்லை. கோணமலைக்குச் சொல்லச் சொந்தக் கதைகள் தாராளமாக இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9 அன்று, யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. கழுத்தை அடைத்த மதிலுக்கு மேலாக எதிரி பறந்து போனபோது அதன் பழைய கணக்கு முற்றாக முடிந்தது. கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957-இல் இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். கோட்டைக்குள் இன்று இராணுவ முகாம். கோயிலுக்குப் போகும் பாதை திறந்திருக்கும், முகாம் கட்டடங்களைப் படமெடுக்க விடமாட்டார்கள். ஆகவே வாசலையும் மதிலையும் நன்றாகப் பார்க்க விரும்புபவர் முற்றவெளிப் பக்கமிருந்தும், டச்சுக் குடாக் கரையிலிருந்தும் பார்ப்பது மேல். காலை வெயில் டச்சுக் குடாப் பக்க மதிலிலும், மாலை வெயில் வாசல் பக்கத்திலும் விழும். செதுக்கல்கள் சாய்வெயிலில்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

என்ன தேடுவது? மதிலில் மூன்று வகைக் கட்டுமானம் கலந்திருக்கிறது. ஒழுங்கில்லாத பாறைத் துண்டுகளைச் சுண்ணாம்பில் புதைத்தது ஒன்று. நுணுக்கமான ஓட்டைகளோடு இலேசாக இருக்கும் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், இன்னொன்று. இவற்றின் நடுவே, விளிம்பு கூர்மையாக, முகம் வழுவழுப்பாகத் தீட்டிய நீண்ட சதுரக் கற்கள் தெரிந்தால் நின்று பாருங்கள். ஒரு கல்லின் ஓரத்தில் வரிவரியாக வளைவு செதுக்கியிருந்தால், அல்லது மதிலில் எந்த வேலையும் இல்லாத ஒரு பொருத்துக்குழி இருந்தால், அது வேறொரு கட்டடத்துக்காக வெட்டிய கல். பீரங்கிக்காரன் மதிலுக்கு வளைவு செதுக்கமாட்டான்.

மதிலில் சேராத கற்கள் கடலில் கிடந்தன. 1950-இல் நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. இடிப்புக்கு முன் யாரோ தூக்கி ஓடிப் புதைத்துக் காத்தவை. 1956-இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மலையடியில் மூழ்கித் தேடியபோது தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. 1963-இல் உச்சியில் இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கோயிலுக்கு அருகே மலைவிளிம்பில் ஒல்லாந்தப் பெண் ஒருத்தியின் நினைவாகச் சொல்லப்படும் கல்தூண் ஒன்று நிற்கிறது. அதில் 1687 என்று ஆண்டு வெட்டியிருக்கிறது. எழுத்து ஒல்லாந்தருடையது, தூண் பழைய கோயிலினுடையது.